பெல் ஹவுசிங்ல ஆயில்: பென்ஸ் ஓஎம்642 வி6 டீசல் பத்தி ஒரு முழு நிகழ்வு ஆய்வு

பென்ஸோட ஓஎம்642 டீசல் எஞ்சின் இருக்கற வண்டிகள்ல ஒரே கேஸ் திரும்பத் திரும்ப வரும். இங்க எழுதறது குறிப்பிட்ட ஒரு வண்டியோட கதை இல்ல, அந்த பேட்டர்ன புரிஞ்சுக்க மாதிரிக்கு ஒரு வண்டிய எடுத்துக்குவோம். டபிள்யூ211 பாடி ஈ கிளாஸ், ஈ 320 சிடிஐ, 2007 மாடல், 2,00,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. ஓனர் சொல்ற கம்ப்ளைன்ட் ரெண்டு. ஒண்ணு, நிறுத்தி வச்ச இடத்துல ஆயில் சொட்டு விழுது, குனிஞ்சு பாத்தா எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற ஜாயின்ட்ல, அதாவது பெல் ஹவுசிங்ல, நனைஞ்சிருக்கு. ரெண்டு, அப்பப்ப எஞ்சின் லைட் எரிஞ்சு பிக்கப் சுத்தமா போயிடுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச நாள் ஒழுங்கா ஓடுது, அப்புறம் மறுபடி அதே கதை.

இந்த நிலைமைல வண்டி எங்கயாவது காட்டப்பட்டிருக்கும், அங்க எஞ்சின் பின்பக்கத்துல இருக்கற கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் போச்சு, கியர்பாக்ஸ இறக்கணும்னு சொல்லிருப்பாங்க. ரெண்டாவது கம்ப்ளைன்டுக்கு ஸ்கேனர் போட்டு, உள்ள போற காத்த சுழல வைக்கற ஸ்வர்ல் ஃபிளாப் மோட்டார் போச்சுன்னு தனியா ஒரு எஸ்டிமேட் வந்திருக்கும். என்னோட வாதம் என்னன்னா இது ரெண்டு வேற வேற நோய் இல்ல, ரெண்டும் ஒரே குழிக்குள்ள இருந்து வருது. அந்த குழி எஞ்சினோட ரெண்டு பேங்குக்கும், அதாவது ரெண்டு சிலிண்டர் வரிசைக்கும், நடுவுல இருக்கற வி. அத புரிஞ்சுக்காம பார்ட் பார்ட்டா மாத்திட்டே போனா இந்த எஞ்சின் பணத்த தின்னும், புரிஞ்சுகிட்டா இத மாதிரி உழைக்கற டீசல் ரொம்ப கம்மி.

முதல்ல எஞ்சினோட ஜாதகத்த பாத்துடுவோம், ஏன்னா நோய் அதுலயே எழுதிருக்கு. 2,987 சிசி, ஆறு சிலிண்டர், போர் 83 எம்எம், ஸ்ட்ரோக் 92 எம்எம். அலுமினியம் பிளாக், உள்ள காஸ்ட் அயர்ன் லைனர், ஃபோர்ஜ்டு கிராங்க், ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு, டைமிங்குக்கு பெல்ட் இல்ல, செயின். எடை சுமார் 208 கிலோ, மூணு லிட்டர் டீசலுக்கு இது நல்ல கம்மி. 2005ல வந்தப்ப ஈ 320 சிடிஐல 224 குதிரைத்திறன், 510 நியூட்டன் மீட்டர் டார்க். அதே எஞ்சின அடக்கி வச்சு 280 சிடிஐன்னு 190 குதிரைத்திறன்ல குடுத்தாங்க, பிற்பாடு 350 சிடிஐல 231 குதிரைத்திறன், 540 நியூட்டன் மீட்டர், அதுக்கும் பின்னாடி 265 குதிரைத்திறன், 620 நியூட்டன் மீட்டர் வரைக்கும் போச்சு. பென்ஸ் கார் மட்டும் இல்லாம ஸ்ப்ரின்டர் வேன், ஜீப் கிராண்ட் செரோக்கி, கிரைஸ்லர் 300சி வரைக்கும் இதே எஞ்சின் தான். 2017ல எஸ் கிளாஸ்ல ஓஎம்656ன்னு ஆறு சிலிண்டரையும் ஒரே வரிசைல வச்ச எஞ்சின் வந்து இதோட இடத்த பிடிக்க ஆரம்பிச்சுது.

இதுக்கு முன்னாடி ஈ 320 சிடிஐல இருந்த ஓஎம்648உம் வரிசை ஆறு தான். அத விட்டுட்டு வி6க்கு போனதுக்கு பெரிய காரணம் இடம். வரிசை ஆறு நீளம், வி6 குட்டை, சி கிளாஸ்ல இருந்து எம்எல் வரைக்கும் எல்லாத்துலயும் உக்காரும். ரெண்டு பேங்குக்கும் நடுவுல கோணம் 72 டிகிரி, கிராங்க்ல கனெக்டிங் ராட் மாட்டற பின்ன 48 டிகிரி தள்ளி வச்சிருக்காங்க, ரெண்டையும் கூட்டினா 120, அதனால ஆறு சிலிண்டரும் சம இடைவெளில ஃபயர் ஆகும். மிச்சம் இருக்கற அதிர்வ அடக்க வி-க்கு நடுவுல எதிர் திசைல சுத்தற ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட். இது வரைக்கும் எல்லாம் அருமை. ஆனா எஞ்சின குட்டையா, அகலம் கம்மியா பண்ணதால வெளில தொங்க வேண்டிய சாமான் எல்லாம் அந்த வி-க்குள்ள போயிடுச்சு. டர்போ அங்க, சிலிண்டருக்கு காத்து கொண்டு போற இன்டேக் மேனிஃபோல்டு ரெண்டும் அங்க, ஸ்வர்ல் ஃபிளாப்ப அசைக்கற மோட்டார் அங்க, எல்லாத்துக்கும் அடில, கை போகாத இடத்துல, ஆயில் கூலர். கொதிக்கற டர்போவுக்கு கீழயே ரப்பர் சீல் வச்ச ஒரு கூலர், எஞ்சின் ஆஃப் பண்ணதும் காத்து கூட அடிக்காத இடம்.

உழைப்பு பத்தி ஒரு விஷயம் சொல்லியாகணும். 2005ல அமெரிக்கால டெக்சாஸ் மாநிலம் லரேடோ டெஸ்ட் டிராக்ல மூணு ஈ 320 சிடிஐ வண்டிய இறக்கி 1,00,000 மைல், அதாவது சுமார் 1,60,900 கிலோமீட்டர், ராத்திரி பகலா ஓட்டினாங்க. முப்பது நாள், சராசரி வேகம் மணிக்கு 224.823 கிலோமீட்டர், டீசல் போட நின்ன நேரம், ஆள் மாத்தின நேரம் எல்லாம் சேத்து. மூணும் டிபிஎஃப், அதாவது புகைக்கரிய பிடிக்கற ஃபில்டர், வச்ச வண்டி. பிஸ்டன், கிராங்க், பேரிங், ஹெட்டுன்னு அடிப்படை எவ்வளவு கெட்டினு இதுக்கு மேல நிரூபிக்க வேண்டியதில்ல.

ஆனா அந்த டெஸ்ட்ட வச்சு நம்ம வண்டிக்கு தைரியம் சொல்லிக்க முடியாது, இத நான் அழுத்தி சொல்வேன். அங்க எஞ்சின் ஒரு தடவ சூடானா சூடாவே இருந்துச்சு. சைலன்சர் எப்பவும் கொதிக்கற சூட்டுல இருந்ததால டிபிஎஃப்ல புகைக்கரி தானா எரிஞ்சு போயிடும். சீல் ஆறி சுருங்கறது, சூடாகி விரியறது அப்படிங்கற சுழற்சி நடக்கறதுக்கே வாய்ப்பு இல்ல. தினசரி வாழ்க்கைல நேர் எதிர். காலைல அஞ்சு கிலோமீட்டர், நிறுத்து, ஆறட்டும், சாயந்திரம் அஞ்சு கிலோமீட்டர், நடுவுல டிராஃபிக். கிலோமீட்டர் கம்மியா ஓடுன வண்டி நல்ல வண்டின்னு நம்பி வாங்கறவங்க இந்த எஞ்சின்ல ஏமாந்து போறது இதனால தான். ஹைவேல 3,00,000 ஓடுன வண்டிய விட ஊருக்குள்ள 90,000 ஓடுன வண்டி உள்ள மோசமா இருக்கறது சாதாரணம்.

சரி, கேஸுக்கு வருவோம். பெல் ஹவுசிங்ல ஆயில் தெரிஞ்சா பின்பக்க கிராங்க் சீல்னு மனசு போறது இயல்பு, பெரும்பாலான எஞ்சின்கள்ல அது தான் சரியும் கூட. இந்த எஞ்சின்ல வி-க்குள்ள தேங்கற ஆயில் பின்பக்கம் இருக்கற ஒரு வடிகால் ஓட்டை வழியா இறங்கி, நேரா பெல் ஹவுசிங் மேல தான் விழும். கீழ இருந்து பாக்கறவருக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால கியர்பாக்ஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி மேல இருந்து பாக்கணும். எஞ்சின் கவர கழட்டி, டர்போவுக்கு பின்னாடியும் இன்டேக் பைப்புக்கு அடிலயும் நல்ல டார்ச் அடிச்சு பாக்கலாம், கேமரா வச்ச போரோஸ்கோப் இருந்தா இன்னும் உத்தமம். குழி காஞ்சு தூசியா இருந்து பெல் ஹவுசிங் மட்டும் நனைஞ்சிருந்தா அப்ப கிராங்க் சீல சந்தேகப்படலாம். குழில ஆயில் குளம் மாதிரி நின்னா ஆயில் மேல இருந்து தான் வருது.

மேலன்னா எங்க இருந்து? இங்க மூணு பேர் மேல சந்தேகம். டர்போவுக்கு காத்து போற வாய்ல இருக்கற சீல், டர்போ ஆயில் திரும்பி பிளாக்குக்குள்ள இறங்கற ட்ரெய்ன் சீல், அப்புறம் ஆயில் கூலர் சீல். எந்த மட்டத்துல இருந்து நனைய ஆரம்பிச்சிருக்குன்னு பாத்தா பாதி விடை கிடைக்கும். டர்போ வாய் பைப்பே எண்ணெய் பிசுக்கா இருந்து, அதுக்கு நேர் கீழ இருக்கற ஸ்வர்ல் மோட்டாரும் நனைஞ்சிருந்தா முதல் ஆள் குற்றவாளி. மேல எல்லாம் காஞ்சு, அடில மட்டும் சுத்தமான எஞ்சின் ஆயில் நின்னா கூலர் சீல். ரெண்டும் சேந்தே இருக்கறதும் நெறைய உண்டு, நம்ம மாதிரி வண்டில அப்படித்தான். நிச்சயமா தெரியணும்னா குழிய கழுவி காய வச்சு, ஆயில்ல யூவி லைட்ல ஒளிரற சாயமான யூவி டை ஊத்தி, கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி நீல லைட்ல பாக்கறது. அவசரப்பட்டு இந்த ஸ்டெப்ப விட்டா தப்பான சீல மாத்திட்டு அதே சொட்டோட வண்டி திரும்பி வரும்.

இப்ப அந்த ரெண்டாவது கம்ப்ளைன்ட் எப்படி இதோட சேருதுன்னு பாருங்க. கிராங்க் சுத்தற அறையான கிராங்க்கேஸ்ல உண்டாகற ஆயில் ஆவி, அத வெளிய விடற பிரீதர் வழியா வந்து டர்போ வாய்க்கு கொஞ்சம் முன்னாடி காத்தோட கலக்குது. பிஸ்டன் ரிங் வழியா கசியற கேஸ் கூட கூட ஆவியும் கூடும், ஆயில் மாத்தற இடைவெளி நீளமானா இன்னும் மோசம். அந்த ஆவி டர்போ வாய் சீல்ல படிஞ்சு, சீல் கெட்டியானதும் சொட்டு சொட்டா கீழ இறங்கும். கீழ இருக்கறது ஸ்வர்ல் ஃபிளாப் மோட்டார். இன்டேக் போர்ட்ல ஒரு பக்கத்த மூடித் திறந்து காத்த சுழல வைக்கற வேல அதோடது. ஆயில் உள்ள போய் எலக்ட்ரானிக்ஸ் செத்ததும் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ பயந்து பவர குறைச்சுடும், அது தான் லிம்ப் மோடு. மோட்டார மட்டும் புதுசா போட்டு மேல சீல விட்டா புது மோட்டாரும் அதே எண்ணெயில குளிச்சு அதே வழில போகும். போன தடவ மாத்தியாச்சே மறுபடி எப்படி போச்சுன்னு புலம்பறவங்க எல்லாரும் இந்த இடத்துல தான் மாட்டிருப்பாங்க.

மோட்டாரோட பிளக்ல 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ண சொருகி ஈசியூவ சமாதானப்படுத்தற ஒரு வழி ரொம்ப பிரபலம். லைட் அணையும், பவரும் திரும்பும், உண்மை தான். ஆனா ஃபிளாப் வேல செய்யாது, சீல் கசிவு நிக்காது, பின்னாடி அந்த வண்டிய வாங்கறவருக்கு உள்ள என்ன நடக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லவே சொல்லாது. வழில நின்ன வண்டிய வீட்டுக்கு கொண்டு வர்றதுக்கு சரி, அத ரிப்பேர்னு சொல்லி விக்கறது சரி இல்ல.

ஆயில் கூலர் சீல் வேல தான் இந்த எஞ்சினோட பெரிய வேல. சீல் ரெண்டு சின்ன ரப்பர் வளையம், உள்ளங்கைல அடங்கிடும். அத தொட முழு மேல்பாகமும் கழரணும்: ஏர் ஃபில்டர் பாக்ஸ், இன்டேக் பைப், புகைய மறுபடி எஞ்சினுக்கு கொண்டு வர்ற ஈஜிஆர் லைன், டர்போ, ரெண்டு இன்டேக் மேனிஃபோல்டு, வழில குறுக்க வர்ற வயரிங், ஃபியூயல் லைன். பழக்கப்பட்ட கைக்கே முழு ரெண்டு நாள். நேரத்த தின்னறது டர்போவ தாங்கற போல்ட்டும் எக்ஸாஸ்ட் பக்கத்து போல்ட்டும், பின்பக்கம் ஃபயர்வாலுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கை நுழையாத சந்துல, வருஷக்கணக்கா சூட்டுல வெந்து போயிருக்கும். முந்தின நாளே துரு இளக்கற எண்ணெய் அடிச்சு ஊற வைக்கணும், வராத போல்ட்ட பலம் போட்டு திருகாம முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு எடுக்கணும், ஒடஞ்சா அன்னைக்கு நாள் போச்சு.

மேனிஃபோல்ட தூக்கின உடனே ஹெட்ல இருக்கற போர்ட் வாய எல்லாம் டேப் போட்டு மூடணும், அத செய்யறதுக்கு முன்னாடி வேற எதையும் தொடக்கூடாது. ஒரு சின்ன நட்டு உள்ள விழுந்தா 2,00,000 கிலோமீட்டர் தாண்டியும் நல்லா இருந்த எஞ்சின் அன்னைக்கே முடிஞ்சுது. கூலர எடுத்ததும் பழைய சீல் ஆரஞ்சு கலர்ல தட்டையா, பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா வரும், நகத்தால அழுத்தினா பள்ளம் விழாது, மடக்கினா ஒடையும். கம்பெனி பிற்பாடு இதுக்கு சூடு தாங்கற விட்டான் ரப்பர்ல ஊதா கலர் சீல் கொண்டு வந்துச்சு, அது தான் போடணும். பழைய ஆரஞ்சு சீல் மலிவா கிடைக்குதேன்னு போட்டா ரெண்டு நாள் வேலைய இன்னொரு தடவ செய்யறதுக்கு டேட் குறிச்ச மாதிரி. சீல் உக்கார்ற அலுமினிய முகத்த உலோக ஸ்கிரேப்பர் வச்சு சுரண்டாதீங்க, ஒரு கீறல் போதும் மறுபடி கசிய, துணியும் கிளீனரும் போதும்.

இவ்வளவு தூரம் திறந்த பின்னாடி வேற எத மாத்தறது எத விடறதுன்னு ஒரு கேள்வி வரும். டர்போ வாய் சீல், ட்ரெய்ன் சீல், பிரீதர் எல்போ, இன்டேக் கேஸ்கெட், ஆயில் பைப் ஜாயின்ட்ல வர்ற பாஞ்சோ வாஷர் எல்லாம் கேள்வியே இல்லாம புதுசு. ஸ்வர்ல் மோட்டார் நனைஞ்சிருந்தா அதுவும். மேனிஃபோல்டுக்குள்ள கரி படிஞ்சு ஃபிளாப் இறுகிருக்கும், கையால அசைச்சு பாத்து லிங்க் தேஞ்சு ஆடுதான்னு பாக்கணும், கரிய சுத்தம் பண்ணாம இறுகின ஃபிளாப்போட புது மோட்டார சேத்தா மோட்டார் திணறி சாகும். டர்போ ஷாஃப்ட்ட விரலால மேலயும் கீழயும் அசைச்சு பாக்க இத விட நல்ல நேரம் கிடைக்காது. திரும்ப கட்டின பின்னாடி உடனே ஸ்டார்ட் பண்ணிட வேண்டாம், எஞ்சின் பிடிக்காதபடி செஞ்சு செல்ஃப் மட்டும் அடிச்சு டர்போவுக்கு ஆயில் ஏறின பின்னாடி தான் ஸ்டார்ட் பண்ணணும்.

வி-க்கு வெளில பாக்க வேண்டியதுல எனக்கு முதல் இடம் தெர்மோஸ்டாட்டுக்கு, யாரும் அத கண்டுக்கறதே இல்ல. தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்னுட்டா எஞ்சின் சூடு எண்பத எட்டாம கீழயே சுத்தும், ஓட்டறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஹீட் ஆகலயேன்னு சந்தோஷம் தான். ஆனா எஞ்சின் போதுமான சூட்டுக்கு வரலன்னா ஈசியூ டிபிஎஃப் ரீஜெனரேஷன, அதாவது சேந்த கரிய எரிச்சு ஃபில்டர சுத்தம் பண்றத, ஆரம்பிக்காது, இல்ல பாதில விட்டுடும். கரிய எரிக்க ஃபில்டருக்குள்ள சுமார் 600 டிகிரி வேணும், அதுக்காக எரிஞ்சு முடியற நேரத்துல கூடுதலா டீசல் அடிக்கும், அந்த டீசல்ல ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயில்ல கலக்கும். ரீஜென் திரும்பத் திரும்ப பாதில நின்னா ஆயில் மெலியும், லெவல் ஏறும். ஆயில் குறையலயே, கூடுதேன்னு நிம்மதியா இருக்காதீங்க, டீசல்ல ஆயில் லெவல் ஏறினா அது எச்சரிக்கை. மெலிஞ்ச ஆயில் டர்போ பேரிங்கயும் செயினையும் தேய்க்கும். மலிவான ஒரு தெர்மோஸ்டாட்ல ஆரம்பிச்சு டிபிஎஃப், டர்போ வரைக்கும் போற சங்கிலி இது. ஸ்கேனர்ல கூலன்ட் சூட்ட ஓட்டிகிட்டே பாத்தா கால் மணி நேரத்துல தெரிஞ்சுடும்.

ஆயில் விஷயத்துல விட்டுக்குடுக்கக்கூடாது. டிபிஎஃப் இருந்தா எம்பி 229.51 இல்ல 229.31 அப்ரூவல் உள்ள சாம்பல் கம்மியான ஆயில். புகைக்கரி எரியும், ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியாது, அது ஃபில்டர்லயே தங்கி ஒரு நாள் அடைச்சுடும். டபிள்யூ211ல சுமார் எட்டரை லிட்டர் பிடிக்கும், மத்த பாடில அளவு மாறும், புக்க பாத்து ஊத்துங்க. சர்வீஸ் கம்ப்யூட்டர் நீளமான இடைவெளி காட்டினாலும் ஊருக்குள்ள ஓடற வண்டிக்கு 10,000 கிலோமீட்டர், இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தறது தான் என் கணக்கு. மேல சொன்ன ஆவி, சீல், மோட்டார் எல்லாத்துக்கும் மலிவான மருந்து அது தான்.

சிலிண்டருக்குள்ள டீசல் தெளிக்கற இன்ஜெக்டர் பாஷ் கம்பெனியோட பீசோ டைப், எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் குடுக்கற பொது குழாயான காமன் ரெயில்ல 1,600 பார் பிரஷர். நல்ல டீசலும் நேரத்துக்கு ஃபில்டரும் குடுத்தா நீண்ட நாள் வரும். இதுல அதிகமா பாக்கறது அடில இருக்கற செப்பு வாஷர் கசியறது. சக் சக்னு ரயில் மாதிரி சத்தம், கேபின்ல கரி நாத்தம், கவர எடுத்தா இன்ஜெக்டர சுத்தி தார் மாதிரி கருப்பா இறுகிருக்கும். ஆரம்பத்துலயே பிடிச்சா வாஷரும் போல்ட்டும் மாத்தி சீட்ட கட்டர் வச்சு சுத்தம் பண்ணா முடிஞ்சுது. வருஷக்கணக்கா விட்டா இன்ஜெக்டர் ஹெட்டோட ஒண்ணாயிடும். அந்த போல்ட் ஒரு தடவ இழுபட்டா அவ்ளோ தான், பழசையே திரும்ப போடாதீங்க. புது இன்ஜெக்டர் போட்டா அதோட கோடு நம்பர ஈசியூல ஏத்தணும். ஹீட்டர் பிளக்கும் இதே ரகம், ஹெட்ல இறுகி கழட்டறப்ப ஒடையும், அதனால எஞ்சின் சூடா இருக்கறப்ப பொறுமையா எடுக்கறது.

புகைய இன்னும் சுத்தம் பண்ற புளூடெக் வண்டின்னா இதோட ஆட்புளூங்கற யூரியா திரவத்தோட டேங்க், அதோட ஹீட்டர், புகைல நைட்ரஜன் ஆக்சைடு அளக்கற நாக்ஸ் சென்சார்னு செலவு வைக்கற பட்டியல் நீளும். அமெரிக்கால 2009 முதல் 2016 வரைக்குமான பென்ஸ் டீசல் வண்டிகளோட எமிஷன் சாஃப்ட்வேர் விவகாரத்துல 2020 செப்டம்பர்ல பென்ஸோட தாய் கம்பெனியான டைம்லர் சுமார் 150 கோடி டாலருக்கு அரசோட சமரசம் பண்ணிச்சு, சுமார் 2,50,000 வண்டி அதுல வரும், இந்த வி6 புளூடெக்கும் அதுல உண்டு. அந்த ஊர் வண்டிய வாங்கறவங்க அப்டேட் போட்டாச்சான்னு ரெக்கார்டு கேட்டு பாக்கணும்.

நம்ம மாதிரி வண்டிக்கு கடைசில ஆகறது இது தான்: ஊதா சீல், டர்போ வாய் சீல், ட்ரெய்ன் சீல், ஸ்வர்ல் மோட்டார், பிரீதர் எல்போ, தெர்மோஸ்டாட், ஆயில், ஃபில்டர். கியர்பாக்ஸ இறக்கவே இல்ல. வேல முடிஞ்சு 500 கிலோமீட்டர் ஓடின பின்னாடி அடித்தட்ட கழட்டி பெல் ஹவுசிங்க மறுபடி பாக்கணும், மேல கவர எடுத்து டர்போ வாய்க்கு அடில விரல விட்டு தடவி பாக்கணும். முதல்ல கழுவினப்ப சந்துபொந்துல தங்கின பழைய ஆயில் கொஞ்சம் சொட்டலாம், அத துடைச்சுட்டு இன்னொரு 500 ஓட்டி பாத்து, அப்பவும் காஞ்சிருந்தா தட்ட மாட்டிடலாம்.